படம் திருத்த லேப்டாப்: கையில் உள்ள காசை எதில் போடுவது?

கேள்வி: 24 மெகாபிக்சல் கேமரா வைத்திருக்கிறேன். ரா ஃபைலாகத்தான் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கிறேன். பழைய லேப்டாப்பில் லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் படம் மாறுவதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புதிது வாங்கக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன், அதிகம் இல்லை. கடையில் கேட்டால் ஐ7, கேமிங் என்று காட்டுகிறார்கள். எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: திரையைப் பாருங்கள். லேப்டாப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ப்ராசசரில் தொடங்கி ப்ராசசரிலேயே முடிகின்றன. திரை பற்றி ஒரு வரிகூட இருக்காது. பத்திரிகைக்குப் படம் திருத்துவதையே வேலையாக வைத்திருப்பவள் என்ற முறையில் எனக்கு அது வருத்தமாக இருக்கும். ப்ராசசர் மெதுவாக இருந்தால் வேலை முடிய நேரமாகும், அவ்வளவுதான். திரை தப்பாகக் காட்டினால் படமே கெட்டுப்போகும். கெட்டது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

பட்ஜெட் குறைவு என்று யார் வந்தாலும் நான் ஒரே வழியைத்தான் சொல்வேன். பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்கு இப்போது காசு கொடுங்கள். மாற்ற முடிந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) அடுத்த வருடம் பெரிதாக்கலாம். ஸ்லாட் இருந்தால் ரேம் கூட்டலாம். திரையை யாரும் அப்படி மாற்றுவதில்லை. பொருந்துகிற பேனலைத் தேடிப் பிடித்து, மாட்டும் கூலியும் கொடுத்த பிறகு கணக்குப் பார்த்தால், ஆரம்பத்திலேயே நல்ல திரையுள்ள மெஷினை வாங்கியிருக்கலாம்.

விவரத்தாளில் என்ன பார்ப்பது? மலிவான லேப்டாப்களில், சில கேமிங் லேப்டாப்களிலும்கூட, "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953-இல் கலர் டிவிக்காக வந்த அளவுகோல். நம் படங்கள் பெரும்பாலும் போய்ச் சேர்வது எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள். அது 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து உருவாக்கியது. 45% என்டிஎஸ்சி என்றால் எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய 60 முதல் 65 விழுக்காடுதான் தெரியும். மீதி நிறங்கள் அந்தத் திரையில் வரவே வராது. சிவப்புப் பூ செங்கல் நிறத்தில் தெரியும். நீங்கள் என்ன செய்வீர்கள்? சாச்சுரேஷனைக் கூட்டுவீர்கள். உங்கள் திரையில் அது சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அதே படத்தை ஒரு நல்ல போனில் பார்த்தால் பூ கண்ணைக் கூசவைக்கும், பக்கத்தில் நிற்பவர் முகம் ஆரஞ்சாக இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவருக்குப் பெயின்ட் தேர்ந்தெடுக்கிற மாதிரிதான் இது.

ஆகவே "100% எஸ்ஆர்ஜிபி" என்று எழுதியிருக்க வேண்டும். "72% என்டிஎஸ்சி" என்று இருந்தாலும் ஏறக்குறைய அதேதான், வாங்கலாம். பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலாக இருக்கட்டும். டிஎன் பேனல் வேண்டவே வேண்டாம். அதில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிழல் பகுதியின் வெளிச்சம் மாறிவிடும். அப்புறம் எந்த நிழலை நம்பி எக்ஸ்போஷரைத் திருத்துவது? வெளிச்சம் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் வீட்டுக்குள் தாராளம். 4கே திரைக்கு ஏங்க வேண்டாம். 14 அங்குலத்தில் 1920×1200 போதும். 16:10 என்ற அந்த உயரக் கணக்கு, ஸ்லைடர் வரிசைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தரும்.

ஓஎல்இடி திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும் வகை) கண்ணைப் பறிக்கும். நிறங்களும் நன்றாகவே வரும். ஆனால் அதில் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் பல ஓஎல்இடி பேனல்கள் வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. சிலருக்குத் தலைவலி வரும். எடிட்டிங் மென்பொருளின் டூல்பார் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால் அந்த இடத்தில் தடம் பதியவும் வாய்ப்பு உண்டு. தவிர, இவை எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த நிறங்களைக் காட்டுவதால், நிறங்களைச் சரியாகக் கையாளத் தெரியாத மென்பொருளில் எல்லாப் படமும் பளீரென்று தெரியும். எஸ்ஆர்ஜிபி மோடு ஒன்று கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

தாளில் உள்ளதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதமான பேனல்கள் போட்டு விற்பது சாதாரணம். கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் மூன்று படங்கள் எடுத்துப் போங்கள். முதலாவது, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை. அதில் மிக இருண்ட கட்டங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒரே கறுப்பாக அப்பிக்கிடக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது, நீங்களே நன்றாக அறிந்த ஒருவருடைய முகம். மூன்றாவது, அடர் சிவப்பு அல்லது அடர் பச்சை நிறைந்த ஒரு படம். இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் வைத்து இந்த மூன்றையும் திறந்தால், விற்பவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நேராகப் பாருங்கள், பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், வெளிச்சத்தைப் பாதியாக்கியும் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வேறு கடை இருக்கிறது.

கேள்வி: 8 ஜிபி ரேம் போதும் என்கிறார் நண்பர். 16 ஜிபிக்குப் போனால் பட்ஜெட் தாண்டுகிறது. உண்மையில் எவ்வளவு வேண்டும்?

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 24 மெகாபிக்சல் படம் என்றால் 2.4 கோடிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். 16 பிட்டில் திருத்தினால் ஒரு எண்ணுக்கு 2 பைட். பெருக்கினால் 144 எம்பி. ஃபோட்டோஷாப்பில் அந்தப் படத்தை முழுதாக நகலெடுத்து ஒரு லேயர் போட்டால் இன்னொரு 144 எம்பி. பத்து லேயர் என்றால் ஒன்றரை ஜிபிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அன்டூ செய்வதற்காக மென்பொருள் பழைய நிலைகளையும் ஞாபகம் வைத்திருக்கும். விண்டோஸ் தனக்கென்று சில ஜிபி எடுத்துக்கொள்ளும், பிரவுசர் திறந்திருந்தால் அதுவும் பங்கு கேட்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான வேலையும் இதே ரேமிலிருந்துதான் எடுக்கப்படும். 8 ஜிபி எங்கே தாங்கும்? நிரம்பியதும் எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படிக்க ஆரம்பிக்கும், நீங்கள் காத்திருப்பீர்கள்.

16 ஜிபி வேண்டும். ஆனால் இன்றைக்கே 16 வாங்க வேண்டுமா என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா, ஸ்லாட்டில் செருகியிருக்கிறதா. விவரத்தாளில் எல்பிடிடிஆர் என்று தொடங்கினால் பெரும்பாலும் ஒட்டியதுதான். அப்படிப்பட்ட மெஷினை 8 ஜிபியோடு வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி. காலி ஸ்லாட் ஒன்று இருந்தால், இப்போது 8 ஜிபியோடு வாங்கிவிட்டு, பணம் வந்ததும் இன்னொரு 8 ஜிபி செருகிக்கொள்ளுங்கள். இரண்டு துண்டாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இன்னும் வேகமாக ஓடும்.

பனோரமா ஒட்டுகிறவர்கள், 45 மெகாபிக்சலுக்கு மேல் எடுக்கிறவர்கள் 32 ஜிபியை யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசைத் திரையில் போடட்டும்.

கேள்வி: ஐ5, ஐ7, ரைசன் 5, ரைசன் 7... புதிய எண்ணாகப் பார்த்து வாங்கினால் போதும்தானே?

பதில்: போதாது. இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். இன்டெல்லில் எண்ணைவிடக் கடைசி எழுத்து முக்கியம். ஐ7-1255யு என்ற ப்ராசசரில் பெரிய கோர் (வேகமாகக் கணக்குப் போடும் பகுதி) 2தான். ஐ5-12500ஹெச் என்பதில் 4. நூறு ரா படங்களை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்தால் அந்த ஐ5 முந்திக்கொள்ளும். யு வகை மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும், பேட்டரி நிற்கும், சூடு குறைவு. ஹெச் வகை வேகம், ஃபேன் சத்தமும் கூடவே வரும். எது உங்கள் வேலைக்கு ஒத்துவரும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏஎம்டியில் 7000 வரிசை வாங்கினால் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ரைசன் 5 7520யு என்பதில் அது 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். ரைசன் 5 7530யு என்றால் ஜென் 3, 6 கோர். பெயரில் ஒரே ஒரு எண் வித்தியாசம், வேலையில் எக்கச்சக்க வித்தியாசம். முதல் எண் 7 என்பது 2023 மாடல் என்று மட்டுமே சொல்கிறது. வாங்குபவரைக் குழப்புகிற இப்படிப்பட்ட பெயர்கள் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

6 கோர் உள்ள, மூன்று நான்கு வருடத்துக்குள் வந்த எதுவாக இருந்தாலும் படம் திருத்தத் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போகும் காசு வீடியோ செய்கிறவர்களுக்குத்தான் பயன்படும்.

கேள்வி: தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயமா?

பதில்: நீங்கள் இருட்டில் எடுக்கிறீர்களா? மேடை நிகழ்ச்சி, இரவு, காட்டுக்குள் பறவை என்று ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றி எடுக்கிறவராக இருந்தால் ஆம் என்பேன். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் (இருட்டில் எடுத்த படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்கும் வசதி) வந்ததிலிருந்து நிலைமை மாறிவிட்டது. அந்த வேலை முழுக்கக் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது. தனி கார்டு இல்லாவிட்டால் ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஆகலாம். நல்ல கார்டு இருந்தால் நொடிக் கணக்கு. இருநூறு படங்களுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள்.

பகல் வெளிச்சத்தில் எடுத்து, நிறமும் வெளிச்சமும் சரிசெய்து அனுப்புகிறவருக்குத் தேவையில்லை. கேமிங் லேப்டாப் வாங்குவதானால் திரையை இருமடங்கு கவனமாகப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதிவிட்டு உள்ளே அதே 45% பேனலைப் போட்டிருப்பார்கள்.

கேள்வி: பழையதாக வாங்கலாமா? எம்1 மேக்புக் ஏர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. அலுவலகங்களில் பயன்படுத்திவிட்டு விற்கும் விண்டோஸ் லேப்டாப்களும் பார்த்தேன்.

பதில்: வாங்கலாம். குறைந்த பட்ஜெட்டில் பழைய மெஷினை நான் தயங்காமல் சொல்வேன், சில விஷயங்களைச் சோதித்த பிறகு.

எம்1 ஏர் 2020 நவம்பரில் வந்தது. அதன் திரை எஸ்ஆர்ஜிபியைத் தாண்டி, பி3 என்ற இன்னும் விரிந்த நிற எல்லை வரை காட்டும். அந்த விலையில் வரும் பல புது லேப்டாப்களின் திரை அதற்குப் பக்கத்தில் நிற்காது. ஃபேன் இல்லை, சத்தமே வராது. ஆனால் ரேமும் ஸ்டோரேஜும் போர்டோடு ஒட்டியவை. 8 ஜிபி வாங்கினால் கடைசி வரை 8 ஜிபிதான். மேக் ரேமைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது உண்மை என்றாலும், மேலே போட்ட 144 எம்பி கணக்கு மேக்கிலும் அதேதான். லைட்ரூம் மட்டும் என்றால் 8 ஜிபியில் சமாளிக்கலாம். லேயர் லேயராக வேலை என்றால் 16 ஜிபி உள்ளதாகத் தேடுங்கள். பேட்டரியின் சைக்கிள் எண்ணிக்கையை (முழு சார்ஜ் அளவு எத்தனை முறை செலவானது) கேளுங்கள். ஆப்பிள் 1000 சைக்கிளை வரம்பாக வைத்திருக்கிறது. விற்பவர் உங்கள் முன்னாலேயே தன் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். அதைச் செய்யாமல் பணம் கைமாறவே கூடாது. அவர் கணக்கின் பூட்டு அதில் விழுந்தால் அந்த மெஷினால் பயன் எதுவும் இல்லை.

அலுவலக விண்டோஸ் லேப்டாப்கள் உறுதியானவை. பலவற்றில் ரேம் ஸ்லாட் இருக்கும், கழற்றி மாட்டுவதும் எளிது. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏறுகிற மெஷினாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. இவற்றின் பலவீனம் திரை. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் வாங்கிய மெஷின், மங்கலான பேனலோடுதான் பெரும்பாலும் வரும்.

அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரே மேசையில் உட்கார்ந்துதான் வேலை செய்வீர்கள் என்றால், இந்த மலிவான லேப்டாப்போடு 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று வாங்குங்கள். 99% எஸ்ஆர்ஜிபி காட்டும் மானிட்டர் இன்று சாதாரணமாகவே கிடைக்கிறது. லேப்டாப்பை நாளைக்கு மாற்றினாலும் மானிட்டர் உங்களோடு இருக்கும். வெளியூர் வெளியூராகப் போய் அங்கேயே படம் கொடுக்கிறவருக்கு இது ஒத்துவராது, அவருக்கு லேப்டாப் திரையேதான் நன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: நான் பிரின்ட் எடுக்கும் படங்களெல்லாம் இருட்டாக வருகின்றன. புது லேப்டாப் வாங்கினால் சரியாகுமா?

பதில்: அதற்காக வாங்காதீர்கள். உங்கள் திரை அதிக வெளிச்சத்தில் இருக்கிறது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். திரை தானே ஒளிவிடும். காகிதம் தன்மேல் விழுந்த ஒளியைத்தான் திருப்பிக் கொடுக்கும். முழு வெளிச்சத்தில் பார்த்துப் போதும் என்று நிறுத்திய படம் காகிதத்தில் இருட்டாகத்தான் நிற்கும். படம் திருத்தும்போது திரை 80 முதல் 120 நிட்ஸுக்குள் இருப்பது நல்லது. அளக்கக் கருவி இல்லையா, ஒரு வெள்ளைத் தாளை நல்ல விளக்கின் கீழ் லேப்டாப்பை ஒட்டிப் பிடியுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முதலில் மங்கலாகத் தோன்றும்; சிறிது நேரத்தில் கண் பழகிவிடும்.

கூடவே திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாக மாறும் பிரைட்னஸையும் அணையுங்கள். ஏஎம்டி மெஷினில் வேரி-பிரைட் என்று ஒன்று இருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்த, உங்களைக் கேட்காமலே திரையின் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றும். இன்டெல்லிலும் அதே வேலையைச் செய்யும் அமைப்பு உண்டு. இரண்டுமே படம் திருத்துகிறவருக்கு ஆகாது. பிறகு, தெரிந்த யாரிடமாவது, திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் இருந்தால் ஒரு நாள் கடன் வாங்கித் திரையை அளந்து ப்ரொஃபைல் செய்துகொள்ளுங்கள். டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருள் அதற்கு இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: இப்போதைக்குப் புதிது வாங்க வழியில்லை. 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்தான். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், நிறையவே. முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி படிக்கும் இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் இன்னும் பெரிய வித்தியாசம். புது லேப்டாப்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் அதையும் நிரப்புங்கள்.

லைட்ரூம் கிளாசிக்கில் ஸ்மார்ட் ப்ரிவ்யூ என்ற வசதி 2013-லிருந்தே இருக்கிறது. நீளவாக்கில் 2560 பிக்சலுக்குச் சுருக்கிய படத்தில் திருத்தங்களைச் செய்யலாம், எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் அசல் ரா ஃபைலைப் பயன்படுத்தும். செட்டிங்கில் இதை இயக்கிவிட்டால் பழைய மெஷினும் மூச்சு வாங்காமல் நடக்கும். படங்களை இறக்கியதும் ப்ரிவ்யூ உருவாக விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

சந்தா கட்டுவது சுமையாக இருந்தால் டார்க்டேபிள், ராதெரபீ இரண்டும் இலவசம், ரா ஃபைலை முழுமையாகக் கையாளக்கூடியவை. டார்க்டேபிள் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், பழைய மெஷினில் சில மாட்யூல்கள் கனமாகவும் இருக்கும். எடை குறைவாக வேண்டுமென்றால் ராதெரபீயிலிருந்து தொடங்குங்கள். லேயர் வேலைக்கு ஜிம்ப் இருக்கிறது. 2025-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றிக்கொள்ள முடிகிறது. சந்தாவுக்குப் போகும் பணத்தை மாதாமாதம் எடுத்து வைத்தால், அது புது லேப்டாப்புக்கே ஆகும். அந்தப் பணத்தில் முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, இதுவரை எடுத்த எல்லாப் படங்களையும் அதில் இன்னொரு பிரதி போட்டு வையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம், ஆகவே இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.